பாதி வலி

மார்ச் 5, செவ்வாய்

டாக்டர் தியோவின் ஆராய்ச்சி இன்று தொடங்கிவிட்டது. முதுகெலும்பு வாதம் சீனர்களை எப்படிப் பிடிக்கிறது, மலாய்க்காரர்களை எப்படிப் பிடிக்கிறது, இந்தியர்களை எப்படிப் பிடிக்கிறது என்று கண்டுபிடிக்கப் போகிறார்களாம். என்னைக் கேட்டிருந்தால் ஆராய்ச்சியே இல்லாமல் சொல்லியிருப்பேன். சீனர் வாயைத் திறக்க மாட்டார். மலாய்க்காரர் சிரித்து மழுப்புவார். நம் ஆள் ஆஸ்பத்திரி வாசலிலேயே ஊரைக் கூட்டிவிடுவான்.

இருபத்திரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்த என்னைச் செவ்வாய்க்கிழமைகளில் கேள்வி கேட்கும் ஆளாகப் போட்டிருக்கிறார்கள். இந்தப் பிரிவில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்பதால் இந்திய நோயாளிகள் அத்தனை பேரையும் என் தலையில் கட்டியாகிவிட்டது. மற்றவர்களைத் திரைக்கு அந்தப் பக்கம் உட்காரும் நர்ஸ் ரோஸ்லினா பார்த்துக்கொள்கிறாள். கூட்டம் அதிகமானால் அவர்களிலும் சிலர் என் மேசைக்கு வருவார்கள்.

கேள்விகள் ஆறு. களைப்பு, முதுகு வலி, மற்ற மூட்டு வலி, தொட்டால் நோவு, காலையில் எழும்போது விறைப்பு, அந்த விறைப்பு நீடிக்கும் நேரம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்ல, நான் படிவத்தில் எழுதுவேன். சராசரி நாலுக்குக் குறையாமல் ஒரு தடவை வந்தாலே புது ஊசிக்குப் பெயர் சேரும். குறைந்தால் பழைய மாத்திரையே கதி.

முதலில் வந்தவர் திரு. சோங். வன்பொருள் கடைக்காரர், ஐம்பத்தெட்டு வயது. முதுகெலும்பு முழுக்க ஒட்டிப்போய், தரையைப் பார்த்தபடியே நடக்கிறார். ஆறு கேள்விக்கும் மலாயில் ஐந்து என்றார். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. மனிதர் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அடுத்து வந்தது நம் ஆள். குணாளன், முப்பத்தொரு வயது, எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். உட்காரும்போது ஓர் 'அம்மா', உட்கார்ந்த பிறகு ஓர் 'ஐயோ'. வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"முதுகு வலி எவ்வளவு?"

"பத்துக்கு மேல இல்லையா மிஸி?"

"பத்தோட முடிஞ்சிரும்."

"அப்போ ஒன்பது போடுங்க. பத்த வச்சிருப்போம், பின்னால தேவைப்படும்லா."

எட்டு, ஒன்பது, ஆறு, ஏழு, எட்டு, ஆறு. அவன் சொன்னது இது. இந்த டைரிக்கும் ஒரு வேடிக்கை வேண்டும் என்பதால் குறித்து வைக்கிறேன். ஒன்பதாம். ஒன்பது வலி உள்ளவன் லோரி ஓட்டிக்கொண்டு வந்து, படியேறி, என்னிடம் விகடம் பேசுவானா? படிவத்தில் நாலு, ஐந்து, மூன்று, மூன்று, நாலு, மூன்று என்று எழுதினேன். பாதி. நம் ஆட்கள் சொல்வதில் பாதிதான் வலி, மீதி வாய். இருபத்திரண்டு வருடம் பார்த்தவள் சொல்கிறேன்.

மார்ச் 6, புதன்

எழுந்து நேராக நிற்க முக்கால் மணி நேரம் ஆனது. மெத்தை சரியில்லை.

மார்ச் 19, செவ்வாய்

இன்று நான்கு இந்தியர்கள். தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த ஒருவர் ஏழு, ஏழு, எட்டு, ஏழு, எட்டு, எட்டு என்றார். பள்ளிக்கூட ஆயா ஒருத்தி எல்லாவற்றுக்கும் ஏழு என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் இரண்டு பேர், அதே கதை. நாலு பேருக்கும் பாதி போட்டேன். எண்களைக் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதியிருக்கிறேன். பத்து வருடம் கழித்துப் படித்தால் சிரிப்பு வரும்.

நர்ஸ் பயிற்சியில் இருந்தபோது ஒரு தலைமை நர்ஸ் இருந்தார். பிரசவ வார்டில் தமிழ்ப் பெண்கள் கத்தினால், "கச்சேரி ஆரம்பமாகிவிட்டது" என்று மலாயில் சொல்லுவார். எல்லோரும் சிரிப்பார்கள். சத்தமாகச் சிரித்தது நான்தான். பதினெட்டுப் பேர் கொண்ட வகுப்பில் நான் ஒருத்திதான் தமிழ்.

ரோஸ்லினா வாழைப்பழக் கேக் கொண்டுவந்தாள். செங்கல்லுக்குச் சீனி போட்டதுபோல இருந்தது. நன்றாயிருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

குணாளன் இரண்டாம் தடவை. இந்தத் தடவை வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். காலையில் சட்டை போட ஒரு மணி நேரமாம், பொண்டாட்டிதான் செருப்பு மாட்டிவிட்டாளாம். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில்.

"பிள்ளைய தூக்க முடியல மிஸி. எட்டு மாசம்தான் ஆச்சு. தூக்குனா முதுகுல கம்பி சொருகுன மாதிரி."

"முதுகு வலி நம்பர் மட்டும் சொல்லுங்க."

"ஒன்பதுதான். போன தடவையும் அதான சொன்னேன்."

எட்டு, ஒன்பது, ஏழு, ஏழு, ஒன்பது, எட்டு. பாதி போட்டேன். சராசரி வந்து நின்றது சரியாக நாலில். நாலு என்றால் தகுதி. இந்த வாய்க்கு ஊசியைத் தூக்கிக் கொடுப்பதா என்று தோன்றியது. விறைப்பில் ஒன்றைக் குறைத்தேன். மூன்றே முக்காலுக்கு மேல் கொஞ்சம்.

அவன் எழும்போது திரு. சோங் உள்ளே வந்தார். குணாளன் அவருக்கு வழிவிட்டு, கதவருகே நின்று அவர் ஐந்து, ஐந்து என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். கற்றுக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 12, வெள்ளி

நோன்புப் பெருநாள் விடுமுறை. புது மெத்தை வாங்கினேன். கடைக்காரன் இது முதுகுக்கு மருந்து என்றான். வாய் ஜாலக்காரன்.

ஏப்ரல் 15, திங்கள்

மெத்தை மருந்தாகவில்லை. குளியலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். ரோஸ்லினா என் நடையைப் பார்த்து, நீயும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள் என்றாள். இந்த வாதத்தோடு வரும் மரபணு சீனர்களுக்குத்தான் அதிகம் என்று டாக்டரே சொல்கிறார், எனக்கெல்லாம் வராது என்றேன். நோய் இருந்தும் அந்தச் சோதனையில் காட்டாத இந்தியர்களும் இருக்கிறார்கள் என்றும் அவர்தானே சொன்னார் என்றாள். இவளுக்கு எதைக் கேட்டாலும் பாதி ஞாபகம்.

ஏப்ரல் 23, செவ்வாய்

ஊசிப் பட்டியல் வந்தது. திரு. சோங் இருக்கிறார். இந்தியர் ஒருவர்கூட இல்லை. குணாளனிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ஏன் மிஸி?"

"உங்க நம்பர் பத்தல."

"ஒன்பது பத்தலையா?"

சராசரி, விதிமுறை, குழுவின் முடிவு என்று ஏதோ சொன்னேன். அவன் தலையாட்டினான். அந்தக் கழுத்து எவ்வளவு ஆடுமோ அவ்வளவு. சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. "அந்தச் சீன அங்கிளுக்குக் கெடைச்சிருச்சா?" என்று மட்டும் கேட்டான். கிடைத்தது என்றேன். "நல்லது மிஸி, பாவம் அவரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

என்ன நாடகமோ.

மே 14, செவ்வாய்

இன்று கூட்டம். டாக்டர் தியோ புதிதாகச் சாயம் அடித்த தலையோடு வந்து படங்கள் போட்டுக் காட்டினார். மூன்று இனத்துக்கும் மூன்று நிறக் கோடுகள். இந்தியர்களால் முதுகை வளைக்க முடிவது மற்றவர்களைவிடக் குறைவு. ரத்தத்தில் அழற்சியின் அளவு மற்றவர்களைவிட அதிகம். ஆனால் அவர்கள் சொல்லும் வலி மட்டும் எல்லோரையும்விடக் குறைவு.

"இது அபூர்வமான முடிவு" என்றார். "மற்ற இடங்களில் இந்தியர்கள் வலியை அதிகமாகச் சொல்வதாகத்தான் நினைக்கிறார்கள். நம் நோயாளிகள் அப்படியில்லை. உடம்பு இவ்வளவு கெட்டும் வாய் திறக்காதவர்கள். அவர்கள் பண்பாட்டில் அப்படி ஒரு பொறுமை இருக்கிறது. இல்லையா, புஷ்பவதி?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்றேன்.

ரோஸ்லினாதான் கையைத் தூக்கினாள். "டாக்டர், திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு அவர்கள் அலறுவது கேட்கிறதே" என்றாள். டாக்டர் சிரித்தார். சத்தம் வேறு, தரவு வேறு என்றார். ஜூன் 28 அன்று தலைநகரத்தில் மாநாடாம். அங்கே இதைப் படிக்கப் போகிறார். நன்றி சொல்லும் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது.

முட்டாள். இருபது வருடம் இந்த ஊரில் தமிழர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் காதில் ஒரு 'ஐயோ'கூட விழுந்ததில்லையா? என் கையெழுத்தில் இருந்தால் நம்பிவிடுவாரா?

மே 15, புதன்

அழற்சி மட்டும் அதிகமாம். ரத்தம் எப்படிப் பொய் சொல்லும் என்று யோசித்துக்கொண்டே பேருந்தை விட்டுவிட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

குணாளன் வந்தான். ஒரு கண் ரத்தச் சிவப்பு. மனைவி கோகிலவாணி கூட வந்திருந்தாள். நான் இதுவரை பார்த்ததில்லை. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் அவனைப் பிடித்து உட்கார வைத்தாள். உட்காரும்போது அவன் ஒன்றும் சொல்லவில்லை. பல்லைக் கடித்த சத்தம் மட்டும் கேட்டது.

"லோரி ஓட்டம் எப்படி?" என்று ஏனோ கேட்டேன்.

"லோரியா?" என்றாள் அவள். "ரிவர்ஸ் எடுக்கறப்போ கழுத்து திரும்பல. மில்லுல சுவத்துல இடிச்சிட்டாரு. லோரி மொதலாளி, அந்தத் தவுக்கே, சாவிய வாங்கிட்டாரு. மூணு வாரம் ஆச்சு மிஸி."

படிவத்தை எடுத்தேன். களைப்பு எவ்வளவு என்று கேட்டேன்.

"மூணு."

நிமிர்ந்து பார்த்தேன். முதுகு வலி?

"மூணு மிஸி."

"என்ன மூணு?" என்று கோகிலவாணி சீறினாள். "ராவெல்லாம் தூங்காம உக்காந்திருக்கீங்க. மூணாம்."

"நீ சும்மா இரு வாணி." பிறகு என் பக்கம் முழு உடம்பையும் திருப்பினான். "முன்னாடியெல்லாம் ரொம்பக் கத்திட்டேன் மிஸி. எல்லாரும் பாத்தாங்க, உங்களுக்கும் ஒரு மாதிரியா இருந்துச்சு, தெரியும். அந்த அங்கிள் எம்புட்டு மோசமா இருக்காரு, அஞ்சுதான் சொன்னாரு. ஒடனே நம்பிட்டாங்க. நான் ஒன்பது சொன்னா யாரு நம்புவா? இனிமே மரியாதையா சொல்றேன். எல்லாத்துக்கும் மூணு போடுங்க."

ஆறு கட்டத்திலும் மூன்று எழுதினேன். மார்ச்சிலிருந்து அவன் சொன்னதை அப்படியே எழுதியது இன்றுதான்.

கண்ணுக்கு உடனே கண் டாக்டரிடம் அனுப்பினேன். இந்த வாதம் கண்ணையும் தாக்கும், விட்டால் பார்வை போகும். அதையாவது செய்தேன் என்று எழுதக் கை வருகிறது. வெட்கம் கெட்ட கை.

ஜூன் 5, புதன்

ரோஸ்லினா கேக் கொண்டுவந்தாள். சாப்பிட முடியவில்லை.

ஜூன் 8, சனி

வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு, கடைசிப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு இந்தியர்கள். அவர்கள் சொன்ன எண்களையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினோரு பேருக்கும் நாலுக்கு மேல். ஊசி கிடைக்க வேண்டியவர்கள். கிடைக்காமல் செய்தது நோயும் இல்லை, டாக்டரும் இல்லை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி. யாராவது திரும்பிப் பார்த்தால் தன் மானம் போகும் என்று பயந்தவள். இருபத்திரண்டு வருட அனுபவமாம்.

மனதுக்குள் ஒருத்தி வக்காலத்து வாங்குகிறாள். யாருக்கும் தெரியாது, படிவத்தில் இருப்பதுதான் ஆதாரம், அடுத்த தடவையிலிருந்து சரியாக எழுதினால் போயிற்று என்கிறாள். சரியாக எழுதினால் மூன்று. குணாளன் இனி ஜென்மத்துக்கும் மூன்றுதான் சொல்வான்.

அவன் ஒன்பது என்று சொன்னதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி இந்த டைரி. அதுவும் அவனைக் கிண்டல் செய்ய எழுதியது.

ஜூன் 11, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

டாக்டர் தியோ முதலில் சொன்னது, "28ஆம் தேதி மாநாடு" என்பது. முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கதவைச் சாத்தினார். பாதி என்றால் என்ன, எத்தனை பேர், எப்போதிலிருந்து என்று கேட்டார். சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும். அவருக்கு என் மேல் கோபம் வந்ததா, கோடுகள் போச்சே என்று வந்ததா தெரியவில்லை.

சரியான எண்கள் எங்கே என்றார். டைரியில் என்றேன். ஒரு தாளில் எழுதிக் கொடு என்றார். ரோஸ்லினா அப்போது உள்ளேதான் இருந்தாள். "தாளில் எழுதினால் ஆராய்ச்சி நெறிமுறைக் குழு ஒத்துக்கொள்ளாது டாக்டர். அன்றன்றைக்குத் தேதி போட்டு எழுதிய புத்தகம் முழுதும் வேண்டும்" என்றாள்.

முழுதும். டாக்டரின் தலைச்சாயம், ரோஸ்லினாவின் கேக், பள்ளிக்கூட ஆயாவின் கண்ணீர், எல்லாம். ஒரு தமிழ் விரிவுரையாளரை வைத்து மொழிபெயர்ப்பார்களாம். கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கிழித்த பக்கத்தை யார் நம்புவார்கள்? நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தார்கள்.

ரோஸ்லினா நகல் தாள்களை எண்ணி உறையில் போட்டாள். அலறல் கேட்கிறது என்று அன்றைக்கே சொன்னவள். அவளுக்குப் பாதி ஞாபகம் என்று எழுதியிருக்கிறேன். படிக்கத்தான் போகிறாள்.

ஜூன் 18, செவ்வாய்

டாக்டர் மாநாட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார். என்னை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். விசாரணை தனியாக நடக்கும். வார்டில் என்னைப் பார்த்ததும் பேச்சு நிற்கிறது. நியாயம்தான்.

ஜூன் 25, செவ்வாய்

குழு முடிவு சொல்லிவிட்டது. டைரியில் இருக்கும் எண்களை வைத்து ஊசி தர முடியாது. எண்ணை எழுதியவளையே நம்ப முடியாதபோது அவள் டைரியை எப்படி நம்புவது என்றார்களாம். ஆனால் பதினோரு பேரையும் புதிதாகக் கேட்கலாம். பழைய மூன்றுகளும் செல்லாது. ரோஸ்லினா கேட்பாள். தமிழ் தெரிந்த வேறு ஆள் இன்னும் கிடைக்காததால், அவள் கேட்பதைத் தமிழிலும் அவர்கள் சொல்வதை மலாயிலும் நான் சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

முதல் பெயர் குணாளன். கண் தேறியிருக்கிறது, கழுத்து இல்லை. உட்கார்ந்ததும் ரோஸ்லினா முதுகு வலியிலிருந்தே கேள்வியைத் தொடங்கினாள். நான் தமிழில் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். "எத்தன சொன்னா சரியா இருக்கும் மிஸி?"

"உங்களுக்கு எவ்வளவுன்னு கேக்கறாங்க."

"மூணு நெனச்சிட்டு வந்தேன். ஜாஸ்தியா?"

கையெழுத்துப் போட்ட தாள் மேசை மேல்தான் கிடந்தது. அதைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன். முதல் தடவை நீங்க ஒன்பது சொன்னீங்க, நான் பாதியாக்கி எழுதினேன். ரெண்டாம் தடவையும் அப்படித்தான். நீங்க சொன்னத எழுதியிருந்தா ஏப்ரல்லயே உங்களுக்கு ஊசி கெடைச்சிருக்கும். உங்க நம்பர்ல தப்பு இல்ல. நான்தான் நம்பல.

கோகிலவாணி எழுந்துவிட்டாள். "லோரி சாவி போனதும் அதனாலதானா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவள் பேசிய மற்றவற்றை இங்கே எழுதவில்லை. எல்லாம் எனக்கு உரியவை. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். திரையை இழுக்க எனக்குத் தோன்றவில்லை.

அவர் மட்டும் திட்டவில்லை. எதையோ கூட்டிக் கழிப்பதுபோல விரல்களை மடக்கி நீட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"நானும் சும்மா பெருசாக்குறேன்னு நெனச்சிட்டேன் மிஸி. வாணிகிட்டகூட சொன்னேன், எல்லாம் மனசுதான்னு. இன்னிக்கும் அதே வலிதான். அப்போ அது நெசமாவே ஒன்பதுதானா?"

ரோஸ்லினா, இவ்வளவு நேரம் என்ன பேசுகிறீர்கள், அவர் சொன்ன எண் என்ன என்று மலாயில் கேட்டாள்.

ஒன்பது என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.